தாமதமாக வந்தவர் பெயர்

அந்தப் படிவத்தைப் பிரதி எடுக்க ஸ்டென்சில் வெட்டியவன் நான்தான். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மேல். 1999ஆம் ஆண்டு மாவட்ட முன்பதிவு ஊக்குவிப்பு அலுவலகத்தில் நான் தட்டச்சராக இருந்தேன். கர்ப்பிணிகள் பன்னிரண்டு வாரத்துக்குள் வந்து பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தின் ஒரே கொள்கை. கொள்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சீக்கிரம் வந்தால் ரத்தம் பார்க்கலாம், தடுப்பூசி போடலாம், சத்து மாத்திரை கொடுக்கலாம். தாயும் பிழைப்பாள், பிள்ளையும் பிழைக்கும். ஆனால் மலையில் யாரும் சீக்கிரம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அலுவலர் பெயர் கோகுல்நாத். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். லஞ்சம் வாங்கமாட்டார், யாரையும் ஒருமையில் திட்டமாட்டார். கூட்டம் போடுவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலை. மாதத்துக்கு மூன்று கூட்டம். தலைப்பு எப்போதும் ஒன்றே: ‘கர்ப்பிணிகள் ஏன் சீக்கிரம் வருவதில்லை?’ மலை மேலும் கீழும் உள்ள கிராம நர்ஸ்கள் அத்தனை பேரும் சமவெளிக்கு இறங்கி வந்து கலந்துகொள்ள வேண்டும். கூட்டம் புதன்கிழமை. துணை சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளைப் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய நாளும் புதன்கிழமை. இரண்டும் ஒரே புதன்கிழமை என்பது இரண்டு வருஷமாக எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை. சுற்றறிக்கை அடித்த எனக்கும் ஏறவில்லை.

இனி கண்ணாயி.

கொல்லிமலையில் திருப்புலி நாட்டைச் சேர்ந்த மேல்வளவு அவளுடைய ஊர். கணவன் செங்கோடன் கொஞ்சம் மிளகும் நிறையக் குச்சிக்கிழங்கும் போடுகிறவன். கண்ணாயி எட்டாவது வரைக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள். எங்கள் அலுவலகம் இதை எதிர்பார்த்திருக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தவறிப்போனது. வளைவு வளைவாக பஸ்ஸில் இறக்கிக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். “உடம்புல ரத்தமே இல்லியேம்மா. முன்னாடியே வந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாமே” என்றார் அங்கிருந்த டாக்டர். சொன்னவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கண்ணாயி அந்தச் சொல்லை வீட்டுக்கு எடுத்து வந்தாள். இனி ஒரு பிள்ளை தங்கினால் முதல் வேலையாக ரத்தம் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

தங்கியது. அந்த மலையில் மூன்று மாதம் முடிந்து, குலசாமிக்குப் பொங்கல் வைத்த பிறகுதான் வெளியே சொல்வார்கள். கண்ணாயி எட்டாவது வாரமே கிளம்பி நின்றாள். மாமியார் பெருமாயிக்குத் திக்கென்றது.

“ஏஞ்சாமி, சாமிக்குச் சொல்லறதுக்கு முன்னாடி நர்சம்மாகிட்டயா சொல்லுவ?”

“சாமி கோவிச்சுக்கிட்டா பொங்க வெச்சுச் சமாதானம் பண்ணிக்கலாமுங்க அத்தே. ரத்தம் இல்லாட்டி எதை வெச்சுப் பண்ணறது?”

பெருமாயி வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள். போன முறை துணியில் சுற்றிய பிள்ளையைக் கையில் வாங்கியவள் அவள்தான்.

ஒன்றரை மணி நேரம் நடந்து, ஓடை தாண்டி, ஏப்ரல் ஏழாம் தேதி புதன்கிழமை காலை கண்ணாயி துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ‘புதன்தோறும் கர்ப்பிணிகளை அன்புடன் வரவேற்கிறோம்’ என்று போர்டு இருந்தது. போர்டுக்குக் கீழே பூட்டு இருந்தது. நர்ஸ் நாகலட்சுமி அந்த நேரத்தில் எங்கள் அலுவலகத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கர்ப்பிணிகள் ஏன் சீக்கிரம் வருவதில்லை என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

மதியம் வரைக்கும் காத்திருந்த கண்ணாயி, ஊர் வழக்கப்படி ஒரு காரியம் செய்தாள். அவர்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய் ஆள் இல்லையென்றால் சும்மா திரும்பமாட்டார்கள். பக்கத்தில் இருக்கிற செடியில் ஒரு கொத்துத் தழையை ஒடித்து, நாரால் முடிந்து, தாழ்ப்பாளில் கட்டிவிட்டு வருவார்கள். வந்தோம், நீங்கள் இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு யார் வந்தது என்று விசாரித்துத் தேடிப் போவார். கண்ணாயி பூட்டில் ஒரு கொத்து கட்டினாள்.

பதினான்காம் தேதி சித்திரைப் பிறப்பு, அரசு விடுமுறை. இருபத்தொன்றாம் தேதி மறுபடி போனாள். பூட்டு. அன்றைய கூட்டத்தில் ‘கர்ப்பிணியைப் புன்னகையுடன் வரவேற்பது எப்படி’ என்று நர்ஸ்களுக்குச் சிறப்புப் பயிற்சி நடந்தது. நாகலட்சுமி மிக நன்றாகப் புன்னகை செய்து சான்றிதழ் வாங்கினார். இருபத்தெட்டாம் தேதி போனபோதும் பூட்டு. அன்று புன்னகைப் பயிற்சி பற்றிய ஆய்வுக் கூட்டம். மூன்று தடவையும் கண்ணாயி தழை கட்டிவிட்டுத் திரும்பினாள். மூன்றாவது தடவை நாரை இழுத்து இறுக்கினபோது வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னாளாம். அவள் நிலையில் நான் இருந்திருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

நாகலட்சுமி மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். வியாழக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, நிலையத்தைத் திறந்து ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு ஊர்களுக்கு வீடு வீடாகப் போவார். முதல் வியாழன் பூட்டில் தழையைப் பார்த்தார். ஆடு மேய்ப்பவர்கள் அரசாங்கப் பூட்டில் விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். அடுத்ததைப் பார்த்தபோது தொடாமல் எட்டவே நின்றார். கீழ்நாட்டில் வாசலில் யாராவது எதையாவது முடிந்து கட்டினால் அதற்கு வேறு அர்த்தம். இரண்டு தடவையும் உடனே சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் கொடுத்தார். மூன்றாவதைப் பார்த்ததும் பூட்டையே திறக்காமல், ஆய்வாளருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

சுகாதார ஆய்வாளர் தரணிதரன் எதையும் விட்டுவைக்காத மனிதர். ஒவ்வொரு கொத்தையும் கையுறை போட்டு அவிழ்த்து, பாலிதீன் பையில் போட்டு, லேபிள் ஒட்டி, நாள் குறித்து, கையெழுத்துப் போட்டு எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார். கூடவே பதினோரு பக்க அறிக்கை. ‘மலைவாழ் கர்ப்பிணிகள் முன்பதிவுக்கு வராதது மட்டுமின்றி, முன்பதிவு நடைபெறாதவாறு நிலையத்தின் பூட்டுக்கே செய்வினை வைத்துள்ளனர்’ என்று அது முடிந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு சந்திப்பிழை திருத்தினேன்.

கோகுல்நாத்துக்கு அன்று முகத்தில் அப்படி ஒரு களை. இரண்டு வருஷமாகத் தேடிய காரணம் பாலிதீன் பையில் வந்து சேர்ந்திருந்தது. அவசரக் கூட்டம் போட்டார். அறிவியலுக்கும் மூடநம்பிக்கைக்கும் நடக்கும் போரில் அரசு ஒரு அடியும் பின்வாங்காது என்று முழங்கினார். அடுத்த தீர்மானமாக, நர்சின் பாதுகாப்பு கருதி அந்த நிலையத்தை மறு உத்தரவு வரும்வரை மூடிவைத்தார். நிலையத்தில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கவிடுவது நல்லது என்று தரணிதரன் தனியாக யோசனை சொன்னார். அதைக் கோகுல்நாத் ஏற்றுக்கொண்டார், ஆனால் தீர்மானத்தில் எழுத வேண்டாம் என்றார்.

மே மாதம் முழுக்கப் பூட்டு, ஜூனில் பாதியும் பூட்டு. கண்ணாயிக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. காட்டில் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. செங்கோடன் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அங்கே, “உங்க ஊர் நர்சுகிட்ட பதிஞ்ச அட்டை எங்கே? அட்டை இல்லாம ரத்தம் எடுக்க முடியாது” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் இருபத்துமூன்றாம் தேதி நிலையம் திறந்தது. வாசலில் எலுமிச்சம்பழம், உள்ளே நாகலட்சுமி, அவருக்குக் காவலாகத் தரணிதரன். கண்ணாயி போய் நின்றாள். நாகலட்சுமி சான்றிதழ் வாங்கிய புன்னகையைச் செய்தார். நாள் கணக்குப் பார்த்ததும் புன்னகை போய்விட்டது.

“பத்தொன்பது வாரம் ஆச்சேம்மா. இத்தன நாளு என்ன பண்ணிட்டு இருந்தே?”

“இங்க வந்துட்டுத்தான் இருந்தனுங்க. பூட்டியிருந்துச்சு.”

தரணிதரன் படிவத்தை எடுத்து நீட்டினார். நான் வெட்டிய ஸ்டென்சில். ‘தாமதப் பதிவு விளக்கப் படிவம்’ என்று தலைப்பு. முதல் வரி, தாமதமாக வந்தவர் பெயர். இரண்டாம் வரி, தாமதத்துக்கான காரணம், ஒன்றை மட்டும் குறிக்கவும். கீழே நான்கு கட்டங்கள்: அறியாமை, மூடநம்பிக்கை, வெட்கம், கணவர் மறுப்பு. இதைப் பூர்த்தி செய்தால்தான் அட்டை. அட்டை இருந்தால்தான் ரத்தப் பரிசோதனை. கூடவே ஸ்டாம்ப் பேடையும் கட்டைவிரலுக்காக நகர்த்தி வைத்தார்.

கண்ணாயி மையைத் தொடவில்லை. படிவத்தை எடுத்து நிதானமாகப் படித்தாள்.

“இதுல பூட்டியிருந்துச்சுங்கறதுக்குக் கட்டம் இல்லீங்களே.”

“அது காரணம் இல்லம்மா. காரணம்னா உன் பக்கம் இருக்கணும்” என்றார் தரணிதரன்.

“எம்பக்கம் எதுவும் இல்லீங்க.”

“ஏதாவது ஒண்ணு போடு. எல்லாரும் அறியாமைதான் போடறாங்க. ஒரு நிமிஷத்துல முடிஞ்சுரும்.”

“நான் அறியாம இருக்கலீங்க. அறிஞ்சுதான் வந்தேன். பொய்க்குக் கைநாட்டு வெக்கமாட்டேன்.”

நாகலட்சுமி கெஞ்சிப் பார்த்தார். “கண்ணு, உனக்கு ரத்தம் பார்க்கணுமா வேண்டாமா?”

“பார்க்கணுமுங்க. அதுக்குத்தான் நாலு தடவ நடந்திருக்கேன்.”

அந்த அறையில் இருந்த மூன்று பேரில் அந்தப் பரிசோதனை யாருக்கு வேண்டுமோ அவள்தான் வெளியே போனாள். தரணிதரன் அவள் பெயருக்கு நேரே ‘ஒத்துழைக்க மறுப்பு’ என்று எழுதினார். அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினார். வழி நெடுகக் கண்ணாயி அழுதாள் என்று பிறகு அவளே சொன்னாள். கோபத்தில்தான் அழுதாளாம், வேறொன்றும் இல்லையாம்.

அடுத்த புதன்கிழமை, ஜூன் முப்பது, அதே நிலையத்தின் முன்னால் விழிப்புணர்வு முகாம். கோகுல்நாத்தே மலையேறி வந்தார். நடவடிக்கைக் குறிப்பு எடுக்க என்னையும் ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டு வந்தார். ஷாமியானா, மைக், மேஜை. மேஜை மேல் மூன்று பாலிதீன் பைகள். தாமதமாக வந்து படிவம் தராத இருபத்துமூன்று கர்ப்பிணிகளை முதல் இரண்டு வரிசைகளில் உட்காரவைத்திருந்தார்கள். பெருமாயி மருமகளைத் துணைக்கு அழைத்து வந்தாளா, மருமகள் அவளை அழைத்து வந்தாளா என்று சொல்ல முடியாதபடி இருவரும் கைகோத்து வந்தார்கள்.

கோகுல்நாத் பேசினார். நான் எழுதியதிலிருந்து அப்படியே தருகிறேன்.

“தாய்மார்களே, நான் இந்தப் பதவிக்கு வந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. இந்த மலைக்கு இன்றுதான் முதன்முதலாக வருகிறேன். வரும் வழியில் வளைவுகளில் எனக்கு மூன்று முறை வாந்தி வந்தது. வாந்தி வருகிறதே என்று நான் பாதியில் திரும்பினேனா? இல்லை. ஆனால் நீங்கள், மசக்கை, மயக்கம் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறீர்கள். எனக்கு ஜீப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஜீப் அடிக்கடி பழுதாகும். உங்கள் கால்கள் பழுதாவதில்லை. உங்களுக்காக நான் எழுபத்திரண்டு கூட்டங்கள் நடத்தியிருக்கிறேன். ஒரு கூட்டத்துக்காவது ஒரு நர்ஸ் வராமல் இருந்தது உண்டா? கிடையாது. மலையிலிருந்து மட்டும் ஒன்பது நர்ஸ்கள், எழுபத்திரண்டு முறையும் முழு வருகை. அவ்வளவு கட்டுப்பாடு. அதற்கு நீங்கள் செய்த கைம்மாறு என்ன? இதோ.”

ஒரு பையைத் தூக்கிக் காட்டினார். காய்ந்த தழை உள்ளே சலசலத்தது.

முதல் வரிசையில் கண்ணாயி எழுந்து நின்றாள்.

“அது நான் கட்டினதுங்க.”

தரணிதரன் ஒரு அடி பின்னால் போனார். கோகுல்நாத் பையை மேஜையில் மெதுவாக வைத்துவிட்டு விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

“செய்வினை வைத்தது நீங்கள்தானா?”

“செய்வினையெல்லாம் இல்லீங்க. வந்தேன், நீங்க இல்லைன்னு சொல்லறதுக்கு எங்க பக்கம் தழை முடிஞ்சு கட்டுவோம். ஏனுங்க, நீங்க ஒரு ஊட்டுக்குப் போறீங்க, ஆளு இல்ல. என்ன பண்ணுவீங்க?”

“விசிட்டிங் கார்டைச் செருகிவிட்டு வருவேன்.”

“அதுதானுங்க இது.”

இரண்டாம் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கண்ணாயி சிரிக்கவில்லை.

“அந்தப் பையில என்னமோ எழுதியிருக்குதுங்களே, அதைக் கொஞ்சம் படியுங்க.”

தரணிதரனுக்குத் தன் எழுத்தை யாராவது படிக்கச் சொன்னால் பெருமை. மைக் முன்னால் வந்து கணீரென்று படித்தார். “மாந்திரீகத் தழை, எண் ஒன்று. கைப்பற்றிய நாள், எட்டு நாலு தொண்ணூற்றொன்பது, வியாழன். எண் இரண்டு, இருபத்திரண்டு நாலு தொண்ணூற்றொன்பது. எண் மூன்று, இருபத்தொன்பது நாலு தொண்ணூற்றொன்பது.”

“ஒவ்வொண்ணையும் அதுக்கு முந்தின நாளு கட்டினேனுங்க, புதன்கிழமை. நர்சம்மா, அன்னைக்கெல்லாம் எனக்கு எத்தன வாரமுன்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க.”

நாகலட்சுமி கணக்குப் போட்டார். விரல்கள் ஒரு இடத்தில் நின்றன.

“எட்டு. அப்புறம் பத்து. அப்புறம் பதினொண்ணு” என்றார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. பிறகு அவர் கோகுல்நாத்தைப் பார்த்துச் சொன்னார். “நான் அந்த மூணு நாளும் உங்க கூட்டத்துல இருந்தேன் சார். நீங்கதான் சொன்னீங்களே, முழு வருகைன்னு.”

அப்புறம் முனியாயி என்ற இன்னொரு கர்ப்பிணி எழுந்து, தானும் பொங்கலுக்கு அடுத்த புதன் வந்ததாகச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, மாசி மாதம் இரண்டு புதன் வந்ததாகச் சொன்னாள். மூன்று மாதம் முடியட்டும் என்று வீட்டில் இருந்தவர்களும் இருந்தார்கள். வந்து பூட்டைப் பார்த்தவர்கள் சொன்ன கதையைக் கேட்ட பிறகு எதற்கு அவசரம் என்று அவர்களும் கேட்டார்கள். அதையும் எழுதிக்கொண்டேன்.

கோகுல்நாத்துக்கு வேறு கவலை வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் இருபத்துமூன்று படிவங்களும் பூர்த்தியாகிவிட்டன என்று மேலிடத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். காலியாக ஒரு படிவம் இருந்தாலும் விளக்கம் கேட்பார்கள்.

“சரி, நடந்தது நடந்துவிட்டது” என்றார். “படிவத்தை மட்டும் நிரப்பிக் கொடுங்கள். ஏதாவது ஒரு கட்டத்தில் குறி இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலியாக இருக்கக் கூடாது.”

“நானே எழுதலாமுங்களா?”

“தாராளமாக எழுதுங்கள்.”

நாகலட்சுமி தன் பேனாவைத் திறந்து கொடுத்தார். ஸ்டாம்ப் பேடை எடுத்து மேஜைக்குக் கீழே போட்டார். கண்ணாயி முதல் வரியைப் படித்தாள். தாமதமாக வந்தவர் பெயர். அதற்கு நேரே, பள்ளிக்கூடத்து எழுத்தில், ‘துணை சுகாதார நிலையம்’ என்று எழுதினாள். நான்கு கட்டங்களையும் பார்த்தாள். வெட்கம் என்ற கட்டத்துக்கு மேலே பேனா கொஞ்ச நேரம் நின்றது.

“இது அவங்களுக்கு இருக்கறாப்பலத் தெரியல” என்று பெருமாயியிடம் சொல்லிவிட்டு, அறியாமை என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி போட்டாள்.

கோகுல்நாத் படிவத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது நாகலட்சுமி. பார்த்துவிட்டு, கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அட்டையை எழுதினார். அங்கேயே, மேஜையில் இருந்த தழைப் பைகளை ஒதுக்கிவிட்டு, கண்ணாயியின் விரலைப் பிடித்து ஊசியால் குத்தினார். ரத்தம் ஏழரை, இருக்க வேண்டியது பதினொன்று. நாகலட்சுமியின் முகம் மாறியது. மாத்திரை அட்டைகளை இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தார். “இன்னும் நேரம் இருக்குது கண்ணு. இனிமே புதன்கிழமை நான் எங்கயும் போகமாட்டேன்” என்றார். மற்ற இருபத்திரண்டு பேருக்கும் கண்ணாயியே எழுதிக் கொடுத்தாள். எதை எழுத வேண்டும் என்று ஒருத்தியும் அவளைக் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் அந்த நிலையத்தின் அரையாண்டுத் தொகுப்பை நான் தயாரித்தேன். தொகுப்பில் பெயருக்கு இடம் கிடையாது, எண்ணிக்கைக்கு மட்டும்தான். தாமதம் இருபத்துமூன்று. அறியாமை இருபத்துமூன்று. மூடநம்பிக்கை, வெட்கம், கணவர் மறுப்பு, ஒன்றும் இல்லை. கோகுல்நாத் அதை இரண்டு தடவை படித்தார்.

“பார்த்தீர்களா? நூற்றுக்கு நூறு அறியாமை. இதைத்தான் நான் அத்தனை கூட்டங்களிலும் சொன்னேன்.”

“ஆமாங்க சார். இருபத்துமூணு பேரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க” என்றேன்.

பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். படிவங்களை ஒன்று விடாமல் பின்னிணைப்பாக வைத்து, அன்றே மேலிடத்துக்குத் தபாலில் சேர்த்தேன். அன்று புதன்கிழமை. நர்ஸ்கள் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மலையில் கண்ணாயிக்கு ரத்தம் பத்தரைக்கு வந்திருந்தது.